கடைசி இலைக்கு அப்பால் சுவர்

சத்தியம்! என் வாயில் மிச்சமிருக்கிற பல்லின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

வெகுகாலத்துக்கு முன்னே நெடுங்கரை நாட்டைக் கோப்பெருங்கண்டன் என்றொரு ராஜா ஆண்டான். கொடுப்பதற்கும் பிடுங்குவதற்கும் அவனுக்கு ஒரே கைதான். எப்போது எதைச் செய்யும் என்று அந்தக் கைக்கே தெரியாது. அவன் தலைநகரின் குப்பைமேடு எவ்வளவு உயரம் என்றால், உச்சிக்குப் போகிற காக்கை பாதிவழியில் இளைப்பாறிவிட்டுத்தான் மேலே பறக்கும். ஒரு மழைக்காலத்தில் அது சரிந்து கடைத்தெருவை மூடிற்று. ஊரெல்லாம் காய்ச்சல். "குப்பைக்கு வேறு இடம் பாருங்கள்" என்றான் ராஜா.

சபை கூடியதோ சித்திரைத் திருநாளுக்கு முந்தின நாள்தான். "இடம் அவசியம் வேண்டும் மன்னா," என்றார்கள் எல்லாத் தெருவாரும். "எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்," என்றார்கள் அதே மூச்சில்.

தளவாய் சிங்கணன் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தான். மந்திரி பெருந்தேவனின் ஆசனத்தில் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

"ஓடைக்குடி இருக்கிறதே மன்னா. நாலு குடிசை. அவர்களுக்கு நாற்றம் பழகிப்போகும்."

"அங்கே குடிக்க இருப்பது ஒரே கிணறு," என்றார் பெருந்தேவன்.

"அவ்வளவு கரிசனம் என்றால் மந்திரியார் தம் வாசலில் கொட்டிக்கொள்ளட்டுமே!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். "பெருந்தேவரே, நாளைத் திருநாள் விருந்து. விருந்து முடிந்ததும் ஓடைக்குடி ஆணைக்கு முத்திரை வைப்பேன். அதற்குள் வேறு வழி சொல்லும். இல்லையேல் உம் பதவி தளவாய்க்கு."

பெருந்தேவன் வீடு திரும்பியபோது வாசலில் ஒருத்தி நின்றாள். ஓடைக்குடி வேம்பாயி.

"ராசா ஆணை ஏதும் இல்லாமயே, போன மாசமே தளவாய் வண்டிங்க வந்து குப்பையைக் கொட்டிருச்சு சாமி. கிணத்துத் தண்ணி கறுத்துப்போச்சு. எம் மகளை வாரிக் குடுத்துட்டேன். மிச்சப் புள்ளைங்களையாவது விட்டு வைக்கச் சொல்லுங்க."

பெருந்தேவன் சபையில் அந்த ஊருக்காகப் பேசியதோடு சரி. அவரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. "நாளைக்கு அரண்மனை விருந்துக்கு வா, தாயி," என்றார்.

"நானா? அங்க எனக்கு ஏது இடம்?"

"திருநாளன்று எந்தக் குடியும் வந்து உண்ணலாம் என்பது மரபு. இதுவரை யாரும் துணியவில்லை, அவ்வளவுதான். கடைசி இலை உனக்கு."

மறுநாள் நடுப்பகல், சித்திரை வெயில். பந்தி ராஜாவின் இலையில் தொடங்கி எதிர்ச்சுவர் வரைக்கும் நீண்டது. பரிமாறுகிறவர்கள் கடைசி இலைக்கு வந்து சேர்வதற்குள் முன்வரிசைக்காரர்கள் பாயசம் குடித்து, ஏப்பம் விட்டு, இலையை மடித்துவிட்டார்கள். வேம்பாயி அப்போதுதான் சோற்றில் கை வைத்தாள்.

அந்த அரண்மனையில் இன்னொரு மரபும் உண்டு. முதல் எச்சிலிலையை மந்திரி தம் கையால் எடுத்த பிறகே பந்தி எழலாம். பெருந்தேவன் கைகட்டி நின்றார்.

"ஏன் ஐயா, இலையை எடுக்கவில்லை?"

"எடுத்து எங்கே போடுவது மன்னா? சபை இன்னும் இடம் சொல்லவில்லையே."

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "அப்படியா! இடம் முடிவாகும்வரை ஒருவரும் எழக்கூடாது!"

வெயில் ஏறிற்று. ஈ வந்தது. மோரும் குழம்பும் புளித்து வாடை கிளம்பியது. சிங்கணன் பேசாமல் தன் இலையைப் பக்கத்திலிருந்த புலவரிடம் தள்ளினான்.

"தளவாயாரே, இது என்ன, உம் மாமனார் வீடா?" என்று முணுமுணுத்த புலவர், இரண்டு இலையையும் அடுத்தவரிடம் தள்ளினார். அவர் மூன்றாகத் தள்ளினார். பட்டுக் கைகளெல்லாம் தள்ளித் தள்ளி, எச்சிலிலைக் குவியல் பந்தி நெடுக நகர்ந்துபோய் வேம்பாயியின் சோற்றின்மேல் சரிந்தது.

அவள் கையை இலையிலிருந்து எடுக்கவில்லை.

ராஜா எட்டிப் பார்த்தான். "யார் அம்மா நீ? எல்லாரும் தள்ளினார்களே, நீ ஏன் தள்ளவில்லை?"

"ஓடைக்குடிங்க. எனக்கப்புறம் சுவருதானே மகாராசா இருக்கு."

ராஜா பெருந்தேவனைப் பார்த்தான். அவர் தலை குனிந்திருந்தார். தளவாயின் வண்டிகளையும் கறுத்த கிணற்றையும் போன பிள்ளையையும் அவர் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தபோது, ராஜா மரபை மீறி எழுந்துவிட்டான். பந்தியின் கடைசிவரை நடந்து, குனிந்து, அந்தக் குவியலை இரு கையாலும் அள்ளினான்.

"மன்னா, தாங்கள் தொடலாமா!" என்று பதறினான் சிங்கணன்.

"நீ தொட்டிருந்தால் நான் தொட வேண்டியிராது." ராஜா வேம்பாயியிடம் திரும்பினான். "உன் மகள் பெயர் என்ன?"

"பூவாத்தா."

குழம்பு வழியும் பட்டோடு ராஜா தன் மாந்தோப்புக்கு நடந்தான். அங்கே குழி வெட்டச் சொல்லி இலைகளைப் போட்டு மண் தள்ளினான். ஆணையும் அங்கேயே பிறந்தது. மட்குகிற குப்பைக்கு அந்தந்தத் தெருவிலேயே எருக்குழி, முதல் குழி அரண்மனையில், அடுத்தது தளவாய் வீதியில். மட்காத ஓடும் உடைசலும் மட்டும் மூடிய வண்டியில் நீரோட்டமில்லாத கரம்பு நிலத்துக்குப் போகும்.

"சிங்கணா, ஓடைக்குடிக் குப்பையை நீ அள்ளு. அந்தக் கிணற்றைத் தூர்வாரு. இந்த அம்மாள் குடித்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உனக்கு அங்கேதான் வாசம், அந்தத் தண்ணீர்தான் தாகத்துக்கு."

பெருந்தேவனின் கழுத்தில் தன் முத்தாரத்தைப் போட்டான். சபை ஆரவாரம் செய்தது.

வேம்பாயி மட்டும், "கெணறு தெளிஞ்சிரும்," என்றாள். வேறு எது தெளியும் என்று அவள் சொல்லவில்லை. கேட்க யாருக்கும் தைரியமும் இல்லை.

அந்தத் தோப்பில் பிறகு காய்த்த மாங்காயின் நிழலில் யானை படுத்து உறங்கும். அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. அடுத்த திருநாளில் பந்தியின் முதல் இலை வேம்பாயிக்குப் போடப்பட்டது. கடைசி இலையில், சுவரில் முதுகு உரச, ராஜா உட்கார்ந்திருந்தான். அவன் இருந்தவரை அவன் பக்கம் ஒருவரும் இலை தள்ளவில்லை.

கேட்டாயிற்றா? யாரிடமும் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். தளவாய் வம்சத்தார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். மீசையும் அதே மீசை.