போகிறவரை விடாத செவலை

கயிற்றை அவிழ்த்தது நீதானே? வறண்டு கிடந்த ஏரிக்குள், நடுத்திட்டில் நிற்கும் கருவேல மரம் வரைக்கும் அந்த நாயைக் கூட்டி வந்தது நீதானே? மடிந்த காதைத் தடவிக்கொடுத்து, "இங்கேயே இரு, போயிட்டு வரேன்" என்று சொன்னதும் நீதானே? போனாய். வந்தாயா?

வரவில்லை. மாசி போனது. சித்திரை போனது. கருவேலம் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து உதிர்த்தும் விட்டது. செவலை அந்த மரத்தடியிலேயே கிடந்தான்.

அந்த ஏரி விசித்திரமானது. காலையில் பனிமூட்டம் வந்து அதை விளிம்புவரை நிரப்பும். வெயில் ஏறினால் மூட்டம் வடிந்து கானல் வந்து நிரப்பும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே தினம் இரண்டு முறை நிறைந்து வடியும். கானலுக்குள் நடக்கிறவர்கள் கால் இல்லாமல் மிதப்பார்கள். வருகிறார்களா, போகிறார்களா, அதுகூடத் தெரியாது. ஒவ்வொரு உருவத்துக்கும் செவலை எழுந்து வாலாட்டுவான். உருவம் கரைந்துபோகும். மறுபடி உட்காருவான்.

திட்டில் அவன் மட்டும் இல்லை. மனிதர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன பிராணிகள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பவள் காத்தாயி என்ற கீரி. பாம்பாட்டியின் கூடையைக் கடித்துத் தப்பி வந்தவள். யாரும் அவளுக்கு எதையும் சொல்லித்தரவில்லை, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டாள். சரியான கோபக்காரி. பேரம் என்று வந்துவிட்டால் அவள் வால் மயிர் சிலிர்த்துக்கொள்ளும். எதிராளி தலையாட்டும்வரை அது படியாது.

நொண்டி வாத்தை "நிதானமான வாத்து" என்று நாரை வீட்டில் சேர்த்தாள். ஓயாமல் திட்டும் கிளியை "நல்ல பேச்சுத்துணை" என்று ஆந்தை தலையில் கட்டினாள். ஆடி முடிவதற்குள் திட்டே காலி. மிச்சம் செவலை ஒருவன்தான்.

அவனுக்கும் சீக்கிரம் ஒரு வீடு கிடைத்தாக வேண்டும். ஐப்பசி மழையில் ஏரி நிறையும். நிறைந்தால் திட்டு மூழ்கும். கருவேலத்தின் உச்சிக் கிளை மட்டும்தான் வெளியே தெரியும். மரத்தடியில் படுத்திருப்பவன் கதி?

"டேய் செவலை! பெருச்சாளி வீட்டுக்குப் போ. உன்னை விட்டுட்டுப் போனவங்க அந்த வழியாத்தான் வரப்போறாங்களாம்!" இது காத்தாயி அவனிடம் சொன்ன பொய்.

"தங்கமான பையன்! விருந்தாளி வந்தா வாலாட்டிக் கூப்பிடுவான். குரைக்கவே மாட்டான்!" இது பெருச்சாளியிடம் சொன்ன பாதி உண்மை.

அந்த வாரம் பெருச்சாளியின் மகளுக்குக் கல்யாணம். சுண்டெலிகள், முயல்கள், முள்ளெலிகள் என்று வளைக்குள் கொள்ளாத கூட்டம். வந்தவர்களை எல்லாம் செவலை வாலாட்டித்தான் உள்ளே விட்டான். சாப்பாடு முடிந்தது. முயல் எழுந்து, "அப்போ நாங்க போயிட்டு வரோம்" என்றது.

செவலை பாய்ந்து அதன் குதிகாலைக் கவ்வினான்!

சுண்டெலி சொன்னது, "போயிட்டு வரோம்." அதற்கும் ஒரு கடி! பிறகு அவன் வளை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டான். வருகிறவருக்கு வழிவிட்டான். போகிறவரை மட்டும் விடவில்லை. கல்யாணக் கூட்டம் மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தது. சோளம் தீர்ந்தது. கம்பு தீர்ந்தது. மாப்பிள்ளை தரையில் கிடந்த உமியைக் கொறித்தார். கடைசியில் பெருச்சாளி பின்பக்கம் ஒரு சுரங்கம் தோண்டித்தான் சம்பந்தி வீட்டாரை அனுப்பிவைத்தது.

"இது நாயா, பூட்டா?" என்று திட்டுக்கு வந்து கத்தியது பெருச்சாளி. "சம்பந்தி என் மூஞ்சியிலேயே முழிக்கமாட்டேங்கறார்! உன் தங்கமான பையனை நீயே வச்சுக்கோ!"

அடுத்து நரி. அதற்கு வீட்டுக் காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. செவலையிடம் மறுபடி அதே பொய்யைச் சொல்லித்தான் கூட்டிப்போனாள்.

"இவன் வாசல்ல படுத்தா ஒருத்தன் தாண்ட முடியாது!" என்றாள் காத்தாயி. அது உண்மைதான். அந்த ஒருத்தன் யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அந்தி சாய்ந்தது. நரி நண்டு பிடிக்கக் கிளம்பி, மனைவியிடம், "போயிட்டு வரேன்" என்றது. அவ்வளவுதான்!

ஐந்தாம் நாள் நரி எப்படியோ வாசலைத் தாண்டி நொண்டிக்கொண்டு வந்தது; பின்னாலேயே செவலையும் வந்துவிட்டான். "என் வீட்டுல என்னையே சிறை வச்சுட்டான்! நாலு நாளாப் பட்டினி! குட்டிங்க என் வாலைச் சப்பிக்கிட்டுக் கிடக்குதுங்க!"

"காவல் கேட்டே, கொடுத்தேன். கேட்டதுக்கு மேலேயே காவல் காத்திருக்கான். நீதான் எனக்கு நன்றி சொல்லணும்!"

"நீ தலைகீழா நின்னாலும் வேண்டாம், தாயே!"

நரி போன பிறகு காத்தாயிக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன்டா கடிக்கிறே? உனக்கு வீடு தேடித் தேடி என் கால் தேயுது. வர்றவனைக் கடிச்சாலும் ஒரு நியாயம் இருக்கு. போறவன் காலை ஏன்டா கடிக்கிறே?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை மாதத்தில் இதை அவனிடம் கேட்டதே இல்லை.

செவலை கானலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவங்களும் 'போயிட்டு வரேன்'னுதான் சொன்னாங்க, அக்கா. காலைப் பிடிச்சிருந்தா போயிருக்கமாட்டாங்க. அன்னைக்கு நான் பிடிக்கல. வாலை ஆட்டிட்டு நின்னுட்டேன்."

சிலிர்த்து நின்ற காத்தாயியின் வால் மெல்லப் படிந்தது. கானல் அவர்கள் இருவரையும் சுற்றி, கரை இல்லாத தண்ணீர் போல அசைந்தது.

"நானும் உங்கிட்ட பொய்தான்டா சொன்னேன்" என்றாள். "அவங்க எந்த வழியா வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. வருவாங்களான்னே தெரியாது."

செவலை கோபப்படவில்லை. மரத்தடிக்குப் போய், அவிழ்ந்து கிடந்த பழைய கயிற்றின்மேல் மோவாயை வைத்துக்கொண்டான். "அப்போ நான் இங்கேயே இருக்கேன், அக்கா. இங்கேதான் இருக்கச் சொன்னாங்க."

உண்மையைச் சொன்னதும் காரியம் இன்னும் கெட்டது! ஆனாலும் காத்தாயி மறுநாள் மதகுக் கல்லின்மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! ஒரு நாய் இருக்கான். போறவங்க குதிகாலைக் கடிப்பான். கூப்பிட்டா வரமாட்டான். மரத்தடியை விட்டு நகரமாட்டான். ஆனா நல்லவன். யாராவது எடுத்துக்கறீங்களா?"

குரங்கு கிளையிலிருந்து விழப்போகும் அளவுக்குச் சிரித்தது. "ஏம்மா, இப்படிக் கூவினா உன் சரக்கு எப்படிப் போகும்?"

மதகடிக் குட்டையிலிருந்து ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது. பொம்மி என்ற ஆமை.

"கடிச்சா ஓட்டைக் கடிக்கட்டும். பல்லு அவனோடது" என்றாள் பொம்மி. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போனவ திரும்பி வரலைன்னா அவனுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? அவனுக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்!"

"அப்போ எனக்கு அவன் வேணும். நான் கல்லுல ஏறுவேன், சறுக்குவேன், மல்லாக்க விழுவேன். போன கோடையில ரெண்டு நாள் வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். நான் வீட்டுக்கு வரலைங்கறது ஒரு உசுருக்குத் தெரியல."

காத்தாயியின் வால் பழக்கத்தில் சிலிர்த்துக்கொண்டது. "ஒரு நாளைக்கு ரெண்டு மீன் அவனுக்கு!"

"ஒண்ணு."

"ரெண்டு! இந்த ஊர்லயே கடிச்சாலும் வலிக்காத ஆள் நீ ஒருத்திதான். அதுக்கும் சேர்த்துச் சலுகை கேக்கறியா?"

"ஒன்றரை. வால் பக்கம் அவனுக்கு."

"தலைப் பக்கம்!"

"சரி, தலைப் பக்கம்."

செவலை திட்டை விட்டு வரமாட்டான் என்பதால் பொம்மிதான் அவனிடம் போனாள். முதல் நாள் பனிமூட்டத்துக்குள் நின்று, "போயிட்டு வரேன்" என்றாள். செவலை பாய்ந்தான். கால் ஓட்டுக்குள் போய்விட்டது. 'டக்' என்று பல் ஓட்டில் மோதியது. பொம்மி காத்திருந்தாள். காலை நீட்டினாள். மறுபடி 'டக்'! அவள் சலிக்கவில்லை. செவலைதான் சலித்துப்போய் விட்டுவிட்டான்.

பொம்மி பத்து அடி போனாள். அந்தப் பத்து அடியைப் போவதற்குள் மூட்டமே பாதி கலைந்துவிட்டது. திரும்பினாள். வந்தாள். "வந்துட்டேன்" என்றாள். அவள் போனதில் ஒரு நொடிகூட அவன் கண்ணுக்குத் தப்பவில்லை. வந்ததிலும்தான்.

மறுநாள் இருபது அடி. அதற்கு மறுநாள் எருக்கஞ்செடி வரைக்கும். இப்படியே பதினைந்து நாள். ஒருநாள் அவள் கானலுக்குள்ளேயே இறங்கிப்போனாள். ஓடு மிதந்தது, நெளிந்தது, பொட்டாய்ச் சுருங்கி மறைந்தது. செவலை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு அந்தப் பொட்டு மறுபடி தெரிந்தது. கரையவில்லை. பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த ஏரியில் அவனை நோக்கிக் கரையாமல் வந்த முதல் உருவம் அதுதான்.

"வந்துட்டேன்" என்றாள் பொம்மி.

செவலை அவள் ஓட்டை நக்கினான்.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் மழை. ஓடையிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு; பிறகு வானத்தையே தரையில் விரித்துவிட்டது போல. பனிமூட்டம் மாதிரியே சத்தமில்லாமல் நிரம்பியது. ஆனால் இந்த முறை வடியவில்லை.

விடிந்ததும் பொம்மி, "கரையில நாவல் மரத்தடியில நமக்கு இடம் பார்க்கணும், போயிட்டு வரேன்" என்று நீந்திப் போனாள். தண்ணீருக்குள் அவள் வேகமே வேறு. ஆனாலும் உச்சி வேளை வரைக்கும் வரவில்லை. தண்ணீர் செவலையின் பாதத்தைத் தொட்டது. முழங்காலைத் தொட்டது. வயிற்றைத் தொட்டது.

காத்தாயி ஒரு மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு மிதந்து வந்து சேர்ந்தாள். "வாடா! நீந்தி வா! திட்டு முழுகுது!"

"இருக்கச் சொன்னாங்க, அக்கா."

'அவங்க கரையில நிக்கறாங்கடா!' இந்த ஒரு பொய் போதும், பறந்து வந்துவிடுவான். பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. காத்தாயி அதை விழுங்கினாள்.

"செவலை, பொம்மி இன்னும் வரலைடா" என்றாள். அது உண்மை.

மடிந்த காது நிமிர்ந்தது. "வரலையா?"

"விடியக்காலம் போனவ. காணோம்."

"அவ வராம இருக்கமாட்டாளே, அக்கா! சொன்னா வருவாளே! அப்போ அவளால வர முடியல!"

செவலை கருவேல மரத்தைத் திரும்பிப் பார்த்தான். அடிமரம் தண்ணீரில் மூழ்கிப் பச்சையாய் நடுங்கிக்கொண்டிருந்தது அது. "போயிட்டு வரேன்" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னான். பொம்மியின் மதகை நோக்கித் தண்ணீரில் பாய்ந்தான்!

மதகுக் கற்களின் நடுவில் பொம்மி மல்லாந்து கிடந்தாள். நான்கு கால்களும் காற்றில் நீந்தின. பக்கத்துக் கல்லில் ஒரு பருந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. செவலை குரைத்த குரைப்பில் அது மேகத்துக்குள் போய்த்தான் நின்றது. அவன் மூக்கைக் கொடுத்து நெம்பி அவளைப் புரட்டினான்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றாள் பொம்மி.

"மரத்துக்கிட்ட சொல்லிட்டு வந்தேன், அக்கா."

நாவல் மரத்தடியில் அவர்களுக்கு வீடானது. விருந்தாளிகள் வந்தார்கள். "போயிட்டு வரேன்" என்றால் செவலை கரைத் திருப்பம் வரைக்கும் கூடவே போய் வழியனுப்பினான். நரியின் குதிகாலை மட்டும் எப்போதாவது மெல்லக் கவ்விப் பார்ப்பான். அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. காத்தாயி இப்போதும் கத்தித்தான் பேரம் பேசுகிறாள். ஆனால் கடியை முதலில் சொல்லிவிட்டு, மீனைப் பிறகு கேட்கிறாள்.

அடுத்த சித்திரையில் தண்ணீர் வற்றித் திட்டு வெளியே வந்தது. அன்று காலை செவலை பொம்மியிடம் சொல்லிக்கொண்டு கருவேலத்துக்குப் போனான். மரத்திடம் சொன்ன சொல் இருக்கிறதே! அதன் நிழலில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தான். கானலில் ஓர் உருவம் மிதந்தது. எழுந்து, ஒருமுறை வாலாட்டிப் பார்த்தான். உருவம் கரைந்தது. வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

போய் வருகிறேன் என்று சொன்னவர் வந்தே ஆக வேண்டும். வர மனமில்லாதவர் அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது. ஒரு நாய், ஒரு மரத்துக்குச் சொன்னதைக் காப்பாற்றியிருக்கிறது. நீ? அவனைக் கேட்டு வராதே, அவனுக்கு வீடு இருக்கிறது. ஆனாலும் வா! கரையில் அவன் முன்னால் நில், அந்த மடிந்த காதைத் தடவு, "நான் வரமாட்டேன், இனிமேல் காத்திருக்காதே" என்று அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது சொல்லிவிட்டுப் போ!