ராஜாவின் மோட்டாரும் லாட ஆணியும்

பூவரசங்கோட்டை சமஸ்தானத்து ராஜா வீரகேசரிக்கு மோட்டார் வாங்கும் ஆசை வந்தது. வாங்கியும் விட்டார். கறுப்பு மோட்டார். பளபளக்கும் பித்தளை விளக்கு. அமுக்கினால் ‘பாம் பாம்’ என்று அலறும் ரப்பர் ஹாரன். அதை ஓட்டத் தூத்துக்குடியிலிருந்து ஆரோக்கியம் என்ற டிரைவர் வந்து சேர்ந்தார்.

ஊரே பூரித்தது, ஒருவரைத் தவிர. அவர் குதிரை லாயத்தின் தலைவர் மார்த்தாண்டம். முன்பெல்லாம் எந்தக் குதிரையில் போவது, எப்போது கிளம்புவது என்று ராஜா அவரைத்தான் கேட்பார். இப்போது அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

மோட்டார் வந்த கொஞ்ச நாளிலேயே டயர் பஞ்சராகத் தொடங்கியது. ராஜா வேட்டைக்குப் போனால் பஞ்சர். விருந்துக்குப் போனால் பஞ்சர். பூவரசங்கோட்டையில் அப்போது பஞ்சர் கடை ஏது? ஆரோக்கியமேதான் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்குவார். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, உள்ளிருக்கும் டியூபை உருவுவார். பக்கத்து வீட்டில் அண்டா கேட்டு வாங்கி, காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்குவார். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. அந்த இடத்தைத் துடைத்து, அரத்தால் தேய்த்து, பசை தடவி, ரப்பர் துண்டை ஒட்டுவார். அது பிடிக்கும்வரை ராஜா புளியமரத்தடியில் விசிறிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஆரோக்கியம்! நாளைக்குத் தேரோட்டம். நான் போய் வடத்தைத் தொட்டால்தான் தேர் நகரும். நாளைக்கும் டயர் பஞ்சரானால், நீ தூத்துக்குடிக்கு நடந்தே போக வேண்டியதுதான்!”

ஆரோக்கியம் நேரே அமைச்சர் தாண்டவராயரிடம் ஓடினார்.

“ஐயா, நான் பிள்ளைகுட்டிக்காரன். என் வேலையைக் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் டயரில் குத்தியிருப்பது இதுதான்.”

அது ஒரு லாட ஆணி. தாண்டவராயர் அதை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். வளையவில்லை, தேயவில்லை. புத்தம் புதிது.

“குதிரைக் காலில் ஏறாமலே டயரில் ஏறியிருக்கிறதே!” என்றார். “யார் வேலை என்று புரிகிறது. சொன்னால் ராஜா சாட்சி கேட்பார்.”

“சாட்சிக்கு எங்கே போவது ஐயா?”

“நாம் எங்கும் போக வேண்டாம். அது தானே நடந்து வரும். நீ போய் மோட்டாரைத் துடை.”

மறுநாள் காலை. அரண்மனை வாசலில் ராஜா மோட்டாரில் ஏறி உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க மார்த்தாண்டமும் வந்து நின்றார். அவர் முகத்தில் அன்று தனிச் சந்தோஷம். தாண்டவராயர் கைகூப்பினார்.

“மகாராஜா, ஒரு பெரிய தவறு நடந்துவிட்டது. தேரோட்டத்தன்று தங்கள் பாட்டனார் குதிரையில் போவார். வெள்ளித்தடி பிடித்து லாயத் தலைவர் முன்னே நடப்பார். மோட்டார் வந்ததும் அந்த மரியாதையை மறந்துபோனோம். மார்த்தாண்டம் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!”

“அடடா, ஆமாம்!” என்றார் ராஜா. “கொண்டுவாருங்கள் வெள்ளித்தடியை! மார்த்தாண்டம், இன்று நீர்தான் முன்னே நடக்கிறீர்!”

மார்த்தாண்டத்துக்கு உச்சி குளிர்ந்தது. தடியை வாங்கி, மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

“சற்று நில்லும்,” என்றார் தாண்டவராயர். “ராஜாவுக்கு முன்னால் செருப்பா?”

மார்த்தாண்டத்தின் மீசை தொங்கிவிட்டது.

“ஐயா, எனக்குக் காலில் ஆணி...” என்று இழுத்தார்.

“இன்னும் ஏறவில்லையே!” என்றார் தாண்டவராயர்.

“அப்படியானால் குதிரையில் முன்னே போகிறேனே!”

“குதிரை கிளப்பும் புழுதியெல்லாம் மகாராஜா மூக்கிலா ஏற வேண்டும்?”

“செருப்பைக் கழற்றும் ஐயா, தேர் காத்திருக்கிறது!” என்று அதட்டினார் ராஜா.

மார்த்தாண்டம் வெறுங்காலோடு நடந்தார். பின்னால் மோட்டார் ஊர்ந்தது. அதை ஒட்டினாற்போல் தாண்டவராயர் நடந்தார். கடைவீதி வரைக்கும் கம்பீரமாகத்தான் போனார். வாய்க்கால் பாலம் கண்ணில் பட்டதும் நடை மாறியது. கொக்குபோல ஒரு காலைத் தூக்கினார். யோசித்து வைத்தார். மறு காலைத் தூக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“என்ன ஐயா, தேருக்குப் போகிறீரா, பரதம் ஆடுகிறீரா?” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

ஆரோக்கியம் ஹாரனை அமுக்கினார். ‘பாம்!’

மார்த்தாண்டம் துள்ளிக் குதித்தார். வேறு வழியில்லை. குனிந்து புழுதியில் கைவிட்டு எதையோ எடுத்து மடியில் கட்டினார். ஓரடி வைத்தார். மறுபடி குனிந்தார், எடுத்தார், கட்டினார்.

“அங்கே என்ன செய்கிறீர்?” என்றார் ராஜா.

“மகாராஜாவின் பாதையில் கல், முள் ஏதாவது கிடக்கிறதா என்று தேடுகிறேன்!”

தாண்டவராயர் ராஜாவின் பக்கம் சாய்ந்தார்.

“நன்றாகப் பாருங்கள், மகாராஜா. அவர் தேடவில்லை. கைவிட்ட இடத்திலெல்லாம் கிடைக்கிறது.”

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “மார்த்தாண்டம்! மடியை அவிழும்!”

அவிழ்த்தார். கலகலவென்று விழுந்தன, அத்தனையும் புத்தம்புது லாட ஆணிகள். மார்த்தாண்டம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“மோட்டார் ஒழிந்தால் மகாராஜா மறுபடி குதிரைக்கு வருவீர்கள் என்று நினைத்தேன்,” என்று முனகினார்.

ராஜா டிரைவர் பக்கம் திரும்பினார். “ஆரோக்கியம், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இனி நீ இருக்கும்வரை இந்த மோட்டார் உன் பொறுப்பு.” பிறகு மீசை துடிக்க, “இந்த மனிதரைச் சிறையில் தள்ளுங்கள்!” என்று கர்ஜித்தார்.

“ஐயையோ, வேண்டாம் மகாராஜா!” என்று தடுத்தார் தாண்டவராயர்.

“ஏன், இவருக்கா இரக்கப்படுகிறீர்?”

“இரக்கம் நம் டயர்மேல்தான், மகாராஜா. சமஸ்தானம் முழுக்க ஆணி போட்டு வைத்திருக்கிறார். இவரை உள்ளே வைத்துவிட்டால், மிச்ச ஆணி எங்கே இருக்கிறதென்று தெரிய, யார் காலை நம்பி நாம் பயணம் போவது?”

ராஜா சிரித்த சிரிப்பில் மோட்டாரே குலுங்கியது. தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்துத் தாண்டவராயருக்குப் போர்த்தி, பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டார்.

‘பாம்!’ என்றது ஹாரன். மார்த்தாண்டம் முன்னே போய்க் குனிந்தார்.