ஒச்சம்மா திருப்பிக் கொடுத்த ஃபேன்

வீட்டில் ஃபேன் இருந்தால் இனி விதவை உதவித்தொகை கிடையாது என்று விதியை மாற்றினார்கள். எங்கள் தாசில்தார் சந்திரமௌலிக்கு அது போதாதா? வீடு வீடாக ஆள் அனுப்பி எட்டிப் பார்க்கச் சொன்னார். காட்டுவேலைக்குப் போகிற ஒச்சம்மாவுக்கும் பணம் நின்றுபோனது.

மனுநீதி நாள் வந்தது. கலெக்டருக்குப் பக்கத்தில் தாசில்தார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒச்சம்மா தலையில் சுமந்து வந்த டேபிள் ஃபேனை அவர் முன்னால் டங்கென்று வைத்தாள்.

“அரசாங்கம் குடுத்த இலவச ஃபேன், அய்யா. இதை எடுத்துக்கிட்டு என் பணத்தைப் போடுங்க.”

“கொடுத்ததைத் திருப்பி வாங்க விதி இல்லை. ஃபேன் வச்சிருக்கிற நீ ஏழையும் இல்லை. போம்மா” என்றார் தாசில்தார்.

“சரிங்கய்யா, நான் வசதிக்காரியாவே இருந்துட்டுப் போறேன்.” ஒச்சம்மா கலெக்டர் பக்கம் திரும்பினாள். “ஃபேன் வாங்குன அன்னைக்கும் இதே ஓலை வீடுதான், இதே கூலிதான். இன்னைக்கு வசதின்னா அன்னைக்கும் வசதிதானே? ஏழைக்கு வந்த ஃபேனை வசதிக்காரிக்குத் தூக்கிக் குடுத்த ஆபீசர் மேல மனு எழுதணும்.”

“யாரும்மா அந்த ஆபீசர்?” என்றார் கலெக்டர்.

“உங்க பக்கத்துலதான் இருக்காரு. மேடை போட்டு, மாலை போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாசில்தாருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒச்சம்மா ஃபேனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

“சுவிட்சு எங்கய்யா இருக்கு? காத்து வாங்கிக்கிட்டே யோசிச்சுச் சொல்லுங்க, நான் ஏழையா, நீங்க குத்தவாளியா?”