சிறப்பு விருந்தினரின் நிழல்

அல்லிக்குளத்துக் கரையில் காட்டு விலங்குகளுக்கென்று ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே டாக்டராக இருந்தது ஒரு பெண் கரடி. எல்லாரும் அவளைக் கரடியம்மா என்று கூப்பிடுவார்கள்.

கடும் கோடையில் ஒருநாள் அங்கே ஒரு விழா ஏற்பாடாயிற்று. மருத்துவமனையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று இளம் பிள்ளைகளுக்குக் காட்டும் விழா. மயில்தான் விழாக் குழுத் தலைவர். தன்னைத் தானே நியமித்துக்கொண்ட தலைவர்.

விழா நல்ல விழாதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் மயிலின் கைக்குப் போன காரியம் எப்படி உருப்படும்?

முயல்குட்டி பஞ்சு காலையில் கஞ்சிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். போன மழைக்காலத்தில் அவளுடைய கால் முறிந்து, இதே மருத்துவமனையில்தான் கிடந்தாள். கரடியம்மா கட்டுப் போட்டபோது வலியில் அவள் கண்ணே திறக்கவில்லை. ஆனால் யாரோ அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது யார், அந்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்க வேண்டும். அதற்காகவே வந்தாள்.

கூடவே அவள் தோழி மின்னியும் வந்தாள். மின்னி ஒரு கீரிக்குட்டி. பயம் என்றால் என்னவென்று தெரியாது.

இருவரும் மருத்துவமனை வாசலுக்குப் போனார்கள். மயில் பாய்ந்து வந்து மறித்தது.

"உள்ளே எங்கே போறீங்க? சிறப்பு விருந்தினர் காட்டெருமைத் தலைவர் வரப் போறார்! எல்லாரும் பாதையில ரெண்டு பக்கமும் வரிசையா நில்லுங்க! அவர் வரும்போது பூப் போடணும்!"

"அப்போ ஆஸ்பத்திரியை எப்போ பார்க்கிறது?" என்று கேட்டாள் பஞ்சு.

"அதெல்லாம் கடைசியில! நேரம் இருந்தா பார்க்கலாம்!"

பாதையில் பெரிய புங்கமரம் ஒன்று இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் கிளைகளை எல்லாம் மயில் முதல்நாளே வெட்டச் சொல்லி, தலைவரை வரவேற்க அலங்கார வளைவு கட்டிவிட்டது. மொட்டை மரத்தடியில் ஏது நிழல்? மான்குட்டிகள், குரங்குக்குட்டிகள், அணில்கள், கொக்குக் குஞ்சுகள் எல்லாம் சுடுபாறையில் கால் மாற்றி மாற்றி நின்றன. ஆளுக்கு ஒரு பூ கையில்.

தலைவர் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறி, சாயவும் தொடங்கியது. அப்போதும் வரவில்லை. அவர் சேற்றுக் குட்டையில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தார். பெரியவர்கள் தாமதமாக வந்தால்தான் மதிப்பு என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்!

"மின்னி, எனக்குத் தலை சுத்துது" என்றாள் பஞ்சு.

மின்னி கையை உயர்த்தினாள். "ஐயா! இவளுக்குத் தண்ணி வேணும்!"

"வரிசை கலையக் கூடாது!" என்றது மயில்.

"மேடையில ஒரு குடம் தண்ணி இருக்கே!"

"அது தலைவருக்கு! உனக்குக் கொஞ்சமாவது மரியாதை தெரியுதா?"

யாருக்கு மரியாதை தெரியவில்லை என்று கேட்பதற்குள் பஞ்சு சுருண்டு விழுந்தாள். கண்கள் செருகின. உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

மயில் என்ன செய்தது தெரியுமா? "அவளைக் கொஞ்சம் ஓரமா நகர்த்துங்க, தலைவர் வர்ற வழி!" என்றது. மனசாட்சி என்று ஒன்று இருந்தால் இப்படிப் பேச வாய் வருமா?

மின்னி அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரே தாவலில் மேடையில் ஏறி, தண்ணீர்க் குடத்தை இழுத்துக்கொண்டு இறங்கினாள். மான்குட்டி மருத்துவமனைக்கு ஓடியது. "கரடியம்மா! கரடியம்மா! பஞ்சு விழுந்துட்டா!"

உள்ளே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கரடியம்மா போட்டது போட்டபடி ஓடிவந்தாள். அதற்குள் ஓர் அணில் பஞ்சுவின் வாயில் தண்ணீர் ஊற்றப் போனது.

"ஊத்தாதே!" என்று கத்தினாள் கரடியம்மா. "நினைவு இல்லாத பிள்ளைக்கு வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்! உடம்பை நனை! கழுத்து, கக்கம், காது, எல்லாம் நனை! துணி எங்கே?"

மேடையில் தலைவருக்கு வைத்திருந்த பொன்னாடையைக் குரங்குக்குட்டி எடுத்து வந்தது.

"ஐயோ, நனைஞ்சா சாயம் போயிடுமே!" என்று அலறியது மயில்.

"போகட்டும்!" என்றாள் கரடியம்மா. பொன்னாடையைக் குடத்தில் முக்கிப் பஞ்சுவின் மேல் போர்த்தினாள். "கொக்குகளா, இறக்கையை விரிச்சு வீசுங்க! அணில்களா, குளத்துத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கணும்! மின்னி, நீ இவ கையைப் பிடிச்சுக்கோ. இவ மூச்சையே கவனிச்சுக்கிட்டு இரு. மாறுச்சுன்னா உடனே சொல்லு!"

"உள்ளே தூக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டது குரங்குக்குட்டி.

"முதல்ல சூடு இறங்கணும். அப்புறம்தான் தூக்கணும். ஆனா இந்த வெயில்..." கரடியம்மா அண்ணாந்து பார்த்தாள். மொட்டை மரம் நின்றது. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "கிளையை வெட்டினது யாரு?"

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் காட்டெருமைத் தலைவர் அசைந்து அசைந்து வந்தார். உடம்பெல்லாம் ஈரச் சேறு. வரிசையைக் காணோம். பூவைக் காணோம். பொன்னாடை ஒரு முயல்குட்டியின் மேல் கிடந்தது.

"என்ன அவமானம் இது! எனக்கு வரவேற்பு எங்கே?" என்று உறுமினார்.

"நல்லவேளை வந்தீங்க!" என்றாள் கரடியம்மா. "இப்படி வாங்க. இந்தப் பக்கம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. அசையாதீங்க!"

"நானா? வெயிலிலா?"

"பிள்ளைங்க காலையிலிருந்து உங்களுக்காகத்தான் நின்னுச்சுங்க!"

தலைவர் வாயைத் திறந்தார். கீழே கிடந்த பஞ்சுவைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, சொன்ன இடத்தில் போய் நின்றார். அவருடைய பெரிய உடம்பின் நிழல் பஞ்சுவின் மேல் முழுசாக விழுந்தது.

கொக்குகள் வீசின. அணில்கள் ஓடி ஓடித் தண்ணீர் கொண்டுவந்தன. மின்னி பிடித்த கையை விடவில்லை.

"கரடியம்மா! மூச்சு சீராகுது!"

பஞ்சு மெல்லக் கண்ணைத் திறந்தாள். "தலைவர் வந்துட்டாரா?" என்று முனகினாள். "நான் இன்னும் பூப் போடலையே! மயிலய்யா திட்டுவாரே!"

அவளுடைய இன்னொரு கையில் அந்தப் பூ கசங்கிக் கிடந்தது. கரடியம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுகையில் பாதி, கோபத்தில் பாதி.

"அப்பாடா, பிள்ளை பிழைச்சாச்சு!" என்று மயில் தோகையை விரித்தது. "எல்லாரும் வரிசைக்கு வாங்க! தலைவர் மருத்துவ வேலைகளைப் பத்திச் சொற்பொழிவு ஆற்றுவார்!"

ஒரு குட்டிகூட அசையவில்லை.

"மயிலே, சும்மா இரு!" என்றார் தலைவர். வெயிலில் அவர் மேல் இருந்த சேறு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. "நான் நகர்ந்தா பிள்ளை மேல வெயில் படும்."

பஞ்சு கரடியம்மாவைப் பார்த்தாள். கேட்க வந்தது நினைவுக்கு வந்தது. "எனக்குக் கட்டுப் போட்ட அன்னைக்கு யாரோ கையைப் பிடிச்சிருந்தாங்களே, அது யாரு? அந்த வேலைக்கு என்ன பேரு?"

"அது நம்ம நீர்நாய். நர்ஸ் வேலைன்னு பேரு" என்றாள் கரடியம்மா. "இப்போ மின்னி செய்யறாளே, அதுதான். அவசரத்துக்கு ஓடி வர்றவங்க, தூக்கறவங்க, தண்ணி கொண்டு வர்றவங்க எல்லாரும் இருந்தாத்தான் அது ஆஸ்பத்திரி. வாங்க, எல்லாரும் உள்ளே வந்து பாருங்க!"

குரங்குக்குட்டிகள் பஞ்சுவை ஈரத் துணியோடு பதமாகத் தூக்கின. தலைவர் நிழல் விலகாமல் பக்கத்திலேயே நடந்தார். பிள்ளைகள் எல்லாரும் மருத்துவமனைக்குள் போனார்கள். அலங்கார வளைவின் கீழே மயில் மட்டும் நின்றது.

பிள்ளைகளுக்குச் சேவையைப் பற்றிச் சொல்லித்தர வருகிறவர்கள், முதலில் அந்தப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.