ஒரே முக்காலியில் மூன்று தாய்மாமன்கள்

கடைக்காரன் சொன்ன விலையை அப்படியே கொடுக்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவனைக் கண்டாலும் அப்படித்தான். ஆனால் தவசியின் கூட்டாளிகள்மேல் எவ்வளவு நேரம்தான் கோபப்பட முடியும்? சடையாண்டி, ஒச்சப்பன், இருளப்பன் என்று மூன்று பேர். நாற்பது வயது நெருங்கிவிட்டது. புத்தி மட்டும் இன்னும் பஸ் ஏறவில்லை.

தவசி கல்யாணத்தில் யாரோ ஒரு பெரியவர், "மாப்பிள்ளையை விட்டு நகராதீங்கப்பா" என்று சொல்லித் தொலைத்தார். தாலி கட்டி அக்கினியைச் சுற்றும்போது இவர்களும் பின்னாலேயே சுற்றினார்கள். போட்டோவில் பெண் சுகந்திக்கு நாலு மாப்பிள்ளை. அன்றைக்குப் பிடித்த கோபம் அவளுக்கு இன்னும் இறங்கவில்லை.

இப்போது மகள் இனியாவுக்குக் காது குத்தவேண்டும். அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். சுகந்திக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது.

"என் கூட்டாளிங்க உனக்கு அண்ணன் மாதிரிதானே" என்று கெஞ்சினான் தவசி.

"சரி, வரட்டும். ஆனா பாப்பா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சு, அன்னியோட அவங்க சகவாசத்தை நீங்க விட்டுடணும்."

வாசலில் நின்று கேட்ட மூவருக்கும் முகம் செத்துப்போயிற்று. தவசி இல்லாமல் அவர்கள் ஒரு டீ கூடக் குடித்ததில்லை.

குலசாமி கோயிலில் சுகந்தியும் தவசியும் பொங்கல் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஆசாரி ஊசியோடு தயார்.

"யாருப்பா தாய்மாமன்?"

"நாங்கதான்" என்றார்கள் மூவரும்.

"மடி ஒண்ணுதானப்பா வேணும்!"

யோசித்தார்கள். முக்காலியில் சடையாண்டி உட்கார்ந்தான். அவன் மடியில் ஒச்சப்பன், ஒச்சப்பன் மடியில் இருளப்பன், உச்சியில் பாப்பா. ஆசாரி அண்ணாந்து பார்த்தார்.

"தலையை அசையாமப் பிடிங்கப்பா."

இருளப்பன் ஆசாரியின் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"யோவ், பிள்ளை தலையை!"

"யார் தலைன்னு முன்னாடியே சொல்லணும்ல?"

கீழேயிருந்து சடையாண்டி முனகினான். "டேய், ஒரு சந்தேகம். ஊசி குத்துனா பாப்பா அழுமா?"

"அழாம?"

"அழுதா தவசி நமக்கு இல்லையேடா."

மூவரும் கலங்கிப்போனார்கள். கடைசியில் ஒச்சப்பன்தான் வழி கண்டுபிடித்தான். "குத்தலேன்னா அழாது."

"நல்ல நேரம் முடியப்போவுது, யார் காதையாவது காட்டுங்கய்யா!" என்று கத்தினார் ஆசாரி.

யார் காதையாவது என்று சொல்லிவிட்டார் அல்லவா? மூவரும் காட்டினார்கள். ஆசாரிக்கு வந்த ஆத்திரத்தில் சரசரவென்று குத்தித் தள்ளினார். ஒரு தோடு சடையாண்டிக்கு, இன்னொன்று ஒச்சப்பனுக்கு. இருளப்பனுக்கு வேப்பங்குச்சி. மூவரும் போட்ட கூப்பாட்டைக் கேட்டுப் பாப்பா கைதட்டிச் சிரித்தது.

சுகந்தி கரண்டியோடு ஓடிவந்தாள். "அட பாவிகளா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தங்கச்சி, பாப்பா அழுதுச்சா?"

"அழல."

"அப்போ எங்க சகவாசம்?"

சுகந்தி ஓங்கிய கரண்டியைத் தாழ்த்தினாள். சொன்ன வாக்கு. தவசி பொங்கல் பானைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தான்.

"சரி, தோட்டைக் கழட்டுங்க. பாப்பாவுக்குக் குத்தணும்."

"இரு தங்கச்சி" என்றான் ஒச்சப்பன். "முறைன்னு ஒண்ணு இருக்கு. நாங்க எங்க தாய்மாமன் மடியில உக்காரலையே. எங்களுக்குக் குத்துனதே செல்லாது. மூத்தவங்களுக்கு முடிச்சிட்டுத்தானே சின்னதுக்கு?"

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று கிழவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எண்பதைத் தொடும் மாமன் மடியில் மீசையோடு ஏறி உட்கார்ந்தான் சடையாண்டி. "டேய், தொடை மரத்துப்போச்சுடா" என்று மாமன் முனக, ஆசாரி ஊசியை எடுத்தார். சடையாண்டிக்கு உதடு பிதுங்கியது. அவன் அழுதால் ஊரே கூடிவிடுமே! சுகந்தி பதறிப்போய் வேப்பமரத்தைக் கைகாட்டினாள்.

"அண்ணா, அண்ணா! அந்தா பாருங்க, காக்கா!"

"எங்க தங்கச்சி?" என்று ஆவலாக எட்டிப்பார்த்தான் சடையாண்டி.