பன்னிரண்டாவது மனு

கேளுங்கள் இந்தக் கூத்தை! ஓடைத்தெருக் குழாயில் தண்ணீர் வந்து நாலு வருஷமாகிறது. இஸ்திரி போடும் முத்துப்பேச்சி, எம்.எல்.ஏ. தணிகைவேலுவுக்குப் பதினோரு மனு கொடுத்துச் சலித்துப்போனாள். பதினோரு தடவையும் ஒரே பதில்தான்: "ஆவன செய்யப்படும்."

தேர்தல் வந்ததும் அந்த மகராசன் மேளதாளத்தோடு தெருவுக்கே வந்துவிட்டார். "இந்தத் தெரு ஓட்டு முழுக்க எனக்குத்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம்தான் குழாயைப் பத்திப் பேச்சு" என்று மைக்கிலேயே கறாராகச் சொன்னார்.

முத்துப்பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "வாயால கேட்டா எப்படிய்யா? மனுவா எழுதிக் குடுங்க, பதில் தர்றோம்" என்றாள்.

ஓட்டே விழுந்துவிட்ட மாதிரி பூரித்துப்போய், அவரும் தன் கையாலேயே மனு எழுதி நீட்டினார். அவள் அதன் அடியில் ஒரு வரி எழுதி, தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைப் பெருமையாக மைக்கில் படித்தார்: "ஆவன செய்யப்படும்."

தெருவே கொல்லென்று சிரித்தது. "என்னம்மா இது? ஓட்டு உண்டா, இல்லையா? இதுக்கு என்னதான் அர்த்தம்?" என்று சீறினார்.

"அதைத்தான்யா நாலு வருஷமா நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றாள் முத்துப்பேச்சி.