பல்லக்கில் தூங்கிய பூதராசன்

மேசையில் பகடை உருட்டி ஆடும் மாயலோக ஆட்டத்தை நடத்துகிறவர் ஞானதுரை. நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டியபடி ஆட்டத்தின் சட்டம் பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. புதிதாக ஆட வந்த பெனிட்டா ஏற்றிருக்கும் மந்திரக்காரி வேடத்துக்கு மந்திரமெல்லாம் தீர்ந்துவிட்டது. தூங்கி எழுந்தால்தான் திரும்பும். ஞானதுரை ஆட்டுவிக்கும் பூதராசனும் மந்திரத்தையெல்லாம் வீசித் தீர்த்துவிட்டு, பல்லக்கில் படுத்தபடி அவள் வண்டியைத் துரத்தி வருகிறான்.

"அண்ணே, அவ வண்டியிலயே தூங்கிக்கட்டும்," என்றாள் பெனிட்டா.

"வண்டி நகருதுல்ல? நகர்ந்துகிட்டே தூங்கினா ஓய்வு கிடையாது. எத்தனை தடவை சொல்றது!"

பெனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருக்குமே கிடையாதா?"

"யாருக்குமே!"

"அப்ப பல்லக்குல தூங்கிக்கிட்டே துரத்துற உங்க பூதராசன்கிட்டயும் இப்ப மந்திரம் இருக்காதே? வண்டியைத் திருப்புங்க, அவனைக் கட்டிப்போடுவோம்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஞானதுரை தலையைப் பிடித்துக்கொண்டார். "போதும்மா, நான் கொஞ்சம் ஓய்வெடுக்கணும்."

"தாராளமா எடுங்கண்ணே. ஆனா நாற்காலியை ஆட்டாதீங்க, கணக்குல வராது."